விழுந்த பிறகு மாட்டிய ஹெல்மெட்

பெயர்: ரேணுகா. வயது: 48. கணவர் பெயர்: சம்பந்தம். படிப்பு: எம்.எஸ்ஸி. இயற்பியல், தொழிற்பாதுகாப்பில் பட்டயம். வேலை: தனியார் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். விலாசம்: காட்டுப்பாக்கம், பூந்தமல்லி வட்டம்.

திருமுருகனின் கழுத்தெலும்பு முறிந்தது அவர் வண்டியிலிருந்து விழுந்தபோதா, விழுந்த பிறகு அவர் தலையில் ஹெல்மெட் மாட்டப்பட்டபோதா என்று நீதித்துறை நடுவர் அவர்கள் என்னிடம் முதலில் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. மருத்துவர்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை மட்டும் நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். திருமழிசை தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகங்களுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்து வருகிறேன். காயம்பட்ட திருமுருகன், வயது 36, அங்கே பிரஸ் ஆபரேட்டர். பாரிவாக்கத்தில் மனைவி கனிமொழியுடன் இருப்பவர். அவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக வழக்கில் சேர்க்கப்பட்டுள்ள ஜஸ்டின், வயது 27, அதே பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. இருவரும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று நான்கு வருடமாக வேலை பார்த்தவர்கள். முன்விரோதம் எதுவும் கிடையாது. ஜஸ்டின் மதியச் சாப்பாட்டை பெரும்பாலும் திருமுருகனின் டப்பாவிலிருந்துதான் சாப்பிடுவார்.

சென்ற வருடம் எங்களிடம் பாகங்கள் வாங்கும் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள், இருசக்கர வாகனத்தில் வரும் தொழிலாளர்கள் எல்லோரும் ஹெல்மெட் அணிந்து வர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு, ஹெல்மெட் இல்லாமல் வருகிறவருக்குக் கேட் திறக்கக் கூடாது என்றும், உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் காவலாளி கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும் என்றும் உத்தரவு போடப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்து மாதா மாதம் அறிக்கை கொடுப்பது என் வேலை. கேட்டுக்கு இருநூறு அடி தள்ளி ஏகாம்பரம் என்பவரின் டீக்கடை உள்ளது. உத்தரவு வந்த இரண்டாவது வாரத்திலேயே அவர் கடைக் கூரையின் இரும்புக் குழாயில் வரிசையாகக் கொக்கி மாட்டிவிட்டார். தொழிலாளர்கள் சாயங்காலம் ஹெல்மெட்டை அங்கே தொங்கவிட்டு வெறும் தலையோடு வீட்டுக்குப் போவார்கள். காலையில் வெறும் தலையோடு வந்து, டீ குடித்து, ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த இருநூறு அடி தூரத்தை மட்டும் மிகப் பாதுகாப்பாக ஓட்டி வருவார்கள்.

இது எனக்குத் தெரிந்த விதம்: ஜனவரி மாதப் படங்களில், முன்பக்கம் கீறிய ஒரு சிவப்பு ஹெல்மெட் ஒரே நாளில் 7.52க்கு ஒருவர் தலையிலும் 7.58க்கு இன்னொருவர் தலையிலும் இருந்தது. அதை எங்கள் பணியாளர் பிரிவு மேலாளர் ஞானசேகரனிடம் காட்டினேன். அவர், "ரோட்டுல போட்டானா இல்லையான்னு பாக்க நாம என்ன டிராபிக் போலீஸா மேடம்? கேட்டுல தலையில இருக்கா, முடிஞ்சது" என்றார். அதன் பிறகு நான் அந்த மாத அறிக்கையில் நூறு சதவீதம் என்று எழுதினேன். பிப்ரவரியிலும் எழுதினேன். ஜூன் வரை எழுதினேன். நான் பொய் எழுதவில்லை. கேட்டில் நூறு சதவீதம்தான்.

12.06.2025 வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் சாலைப் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுத்தேன். நாற்பது பேர் வரை இருந்தார்கள். மணலில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் என்ன ஆகும், செருப்புக் காலோடு ஓட்டினால் பாதம் என்ன ஆகும், ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஜஸ்டினைக் கூப்பிட்டு ஹெல்மெட்டை மாட்டி, பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும், இரண்டு விரல் நுழைந்தால் அது தொப்பிதான் என்று காட்டினேன்.

அப்போது திருமுருகன் பின்னாலிருந்து, "மேடம், அத்த போட்டா முடி கொட்டிப் பூடும். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி, பரவால்ல. இந்தப் பையனுக்கு இன்னும் பொண்ணு பாக்கவே இல்ல" என்றார். ஜஸ்டின் ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே, "அண்ணாத்தே, உனக்குக் கொட்டறதுக்கு இன்னா கீது மொதல்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விழுந்து செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று திருமுருகனைக் கேட்டேன். "செத்ததுக்கு அப்பால நான் இன்னா மேடம் செய்யறது? செய்யறவங்க செய்வாங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு.

மரணத்தைச் சொல்லி இவர்களைப் பயமுறுத்த முடியாது என்று ஒன்பது வருடத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேறொன்றைச் சொன்னேன். ஹெல்மெட் இல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ் கிடையாது, குடும்பத்துக்கு ஒரு பைசா வராது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஜஸ்டின் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பைசா கூடவா மேடம்?" என்று கேட்டார். ஒரு பைசா கூட வராது என்றேன்.

அது அப்படியே உண்மையல்ல. வழக்கைப் பொறுத்துத் தொகை குறையலாம். அடியோடு இல்லாமல் போவதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அந்த வகுப்பில் நான் சொன்னதில் எல்லோர் மனதிலும் நின்றது அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

17.07.2025 வியாழக்கிழமை காலை சுமார் 7.50 மணிக்குத் திருமுருகன் பாரிவாக்கத்திலிருந்து தன் வண்டியில் வேலைக்கு வந்திருக்கிறார். விழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் ஏகாம்பரம். அவர் என்னிடம் சொன்னது: "ரிவர்ஸ்ல வந்த லோடு வண்டியப் பாத்துட்டு கப்புனு பிரேக்க புட்சாம்மா. கால்வா தோண்டின மண்ணு அங்கதான் கொட்டிக் கீது. அப்டியே வாரிக்கினு போயி தலைகீயா வுயுந்தான்." விழுந்த இடம் கடைக்கு ஐம்பது அடி முன்னால். திருமுருகனின் ஹெல்மெட் அப்போது கடைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததை ஏகாம்பரமும், ஜஸ்டினும், அங்கிருந்த வேறு இருவரும் ஒரே மாதிரியாகத்தான் சொல்கிறார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்து, கொக்கியிலிருந்து திருமுருகனின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினார். திருமுருகன் நினைவோடுதான் இருந்தார். ஜஸ்டின் அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, "அண்ணே, கொஞ்சம் தாங்கிக்கோ. இது இல்லாட்டி அண்ணிக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டினார். காதைத் தாண்டி இறங்கும்போது திருமுருகன் ஒருமுறை கத்தினார். அதற்குப் பிறகு கத்தவில்லை. ஒன்றில் மட்டும் அவர்கள் வேறுபடுகிறார்கள். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்னால் திருமுருகன் இடது கையைத் தூக்கி வேண்டாம் என்பதுபோல் அசைத்தார் என்று ஏகாம்பரம் சொல்கிறார். அப்படி எதுவும் பார்க்கவில்லை என்று ஜஸ்டின் சொல்கிறார்.

நான் என் ஸ்கூட்டரில் அங்கே போய்ச் சேர்ந்தது சுமார் எட்டு மணிக்கு. கூட்டத்தை விலக்கிப் பார்த்தபோது திருமுருகன் ஹெல்மெட்டோடு மண்ணில் கிடந்தார். எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவராவது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லாததையும், அதன் விளிம்புக்குக் கீழே ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்ததையும் கவனித்தேன். இதை யார் போட்டது என்று கேட்டேன். ஜஸ்டின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பட்டை கரெக்டா போட்டுக்கீறேனா மேடம்?" என்று கேட்டார். நான் பார்த்தேன். ஒரு விரல் இடைவெளி சரியாக இருந்தது.

அதன் பிறகு நான் தரையில் உட்கார்ந்து, திருமுருகனின் தலை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். வேறு யாரையும் தொட விடவில்லை. 108 வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவர், "காலு எங்க மேடம் கீது?" என்று இரண்டு முறை கேட்டார். இருக்கிறது என்றேன்.

மருத்துவமனையில் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். காயத்திலும் தலைமுடியிலும் மண் இருந்தது. ஹெல்மெட்டின் வெளிப்பக்கம் புதிதாக இருந்தது. பணியில் இருந்த மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருக்கிறது என்று பதினொரு மணிக்குச் சொன்னார்கள். இன்றுவரை திருமுருகனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை.

சுமார் பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி கனிமொழி வந்தார். எங்களோடு வந்திருந்த ஜஸ்டின் எழுந்து போய் அவரிடம், "அண்ணி, அண்ணன் ஹெல்மெட் போட்டுக்கினுதான் வந்துச்சு. யார் கேட்டாலும் அதையே சொல்லு" என்றார். கனிமொழி, "காலைல ஊட்ல இருந்து வெறுந்தலையோடதானேடா போச்சு?" என்றார். ஜஸ்டின், "நீ சொல்லு அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

ஜஸ்டின் செய்தது தவறு. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 12.06.2025 அன்று கேன்டீனில் நான் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. இதை என்னிடம் இதுவரை விசாரித்த யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார்கள்.

மறுநாள் 18.07.2025 வெள்ளிக்கிழமை நடந்தது இது. காலை ஒன்பதரை மணிக்கு ஞானசேகரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பயிற்சிப் பதிவேடு ஒன்று திறந்திருந்தது. தேதி 04.07.2025. தலைப்பு: சாலை விபத்தில் காயம்பட்டவரை அசைக்கக் கூடாது, அவருக்கு ஹெல்மெட்டைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் என் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அப்படி ஒரு வகுப்பு நடக்கவில்லை. எனக்குத் தெரிந்து எந்தப் பாதுகாப்பு வகுப்பிலும் மாட்டக் கூடாது என்று சொல்லித் தருவதில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று 17ஆம் தேதி காலைக்கு முன் யாருக்கும் தோன்றியிருக்காது. மேலும் 04.07.2025 அன்று நான் விடுப்பில் ஆவடியில் என் தங்கை வீட்டில் இருந்தேன். வருகைப் பதிவில் பார்க்கலாம். அதை ஞானசேகரன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. பேனா கொடுத்தார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு தொழிலாளர்களை நான்கு நான்கு பேராகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது நால்வரில் ஜஸ்டின் வந்தார். முந்தின நாள் சட்டையையே போட்டிருந்தார். "இது இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டார். ஞானசேகரன், "கிளாஸ் நடந்ததுக்குப்பா. போடு, உனக்கும் நல்லது" என்றார். ஜஸ்டின் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த கிளாஸ் நடக்கவே இல்லியே சார்" என்றார். அதைக் கேட்டு ஞானசேகரன் பதிவேட்டைத் திருப்பி மேலே இருந்த என் கையெழுத்தைக் காட்டினார். ஜஸ்டின் சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "மேடமே போட்டுக்கீறாங்களா, அப்ப சரி" என்று சொல்லி, குனிந்து கையெழுத்துப் போட்டார். பயிற்சி பெற்றும் அதை மீறி நடந்தார் என்று அவர்மேல் குற்றம் சொல்வதற்கு இந்த நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டுள்ள பதிவேடு அதுதான்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதனால் எனக்கு வரக்கூடியது என்ன என்று நடுவர் அவர்கள் விளக்கிச் சொன்னது புரிந்தது. யாரும் சொல்லித் தந்து சொல்லவில்லை. இதில் உள்ள தேதி இன்றைய தேதி.

(ஒப்பம்) ச. ரேணுகா
பூந்தமல்லி, 08.09.2025