சாம்பிராணியும் ஹீட்டரும்

கோழிப்பண்ணை வேலையை உதறிவிட்டு, பெட்டியோடு மெல்பேர்ன் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி.

“சாமிக்குப் புகை காட்டினது பிழையே?” என்றாள் மனைவி.

“யன்னலைப் பூட்டிப்போட்டு வெள்ளிக்கு வெள்ளி காட்டினீர். சாம்பிராணிப் புகை முழுக்க ஹீட்டர் பில்டரில. கழட்டிப் பாத்தனான், தோசைக்கல்லு மாதிரிக் கிடக்கு. சூட்டுக் காத்து எப்பிடி வரும்?”

“பிள்ளை குளிரில விறைக்குது. புதுசு வாங்கிப் போடுங்கோவன்.”

“எங்கட அளவில பில்டர் இல்லை. வெட்டித்தான் பூட்டவேணும். ஸ்பிரிங்வேல் ஹீட்டர் கடையில ஆளில்லையாம், ரெண்டு கிழமை செல்லுமாம்.”

“அதுவரைக்கும்?”

“சாமியை வெளியில வைப்பம்.”

“கூடவே நீங்களும் நில்லுங்கோ.”

மறுநாள் காலை அந்தக் கடையைத் தேடிப்போய் வேலை கேட்டேன். முதலாளி உடனே சேர்த்துக்கொண்டு, பில்டர் மாற்றவேண்டிய வீடுகளின் விலாசப் பட்டியலைத் தந்தார். அதில் ஒரேயொரு தமிழ்ப் பெயர் இருந்தது. அந்த வீட்டுக்கு முதலில் போனேன்.