குடைக்காரனுக்கு நாலு உயிர்

ஹலோ... ஆமாம்மா, அண்ணன்தான் பேசறேன்... உயிரோட இருக்கான், இருக்கான்! காலைல உம் மக அந்த வீடியோ கேமை என் கையில குடுத்துட்டு, "மாமா, நான் மயக்கத்துல இருக்கறப்போ குடைக்காரன் எங்க போவான்?"னு கேட்டாளே... அதுலருந்து அவனை விட்டு நான் அசையலை... கடையிலதான், வேற எங்க? சலூனைப் பூட்டிட்டா உட்கார முடியும்?

என்னது?... அவன் நிலைமை தெரியாம உள்ள போகமாட்டேன்னு ஆபரேஷன் ரூம் வாசல்லயே நின்னுட்டாளா? அட கடவுளே, தொண்டையில சதை எடுக்கறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா... சரி, சரி, திட்டாதே... இல்லம்மா, ஆஃப் பண்ணலை. பண்ணா முதல்லருந்து ஆடணும், தெரியும்... கடைசிக் கோட்டை வாசல்லதான் நிக்கிறான், குடையை விரிச்சுக்கிட்டு. கண்ணைக்கூட சிமிட்டறான்.

பேட்டரியா?... தீரப் பார்த்துச்சு. சிவப்பு விளக்கு மினுக் மினுக்குனு... முடி வெட்டற மெஷினோட சார்ஜர் ஒயர் இதுல கச்சிதமாப் பொருந்துது, மாட்டிட்டேன்... மெஷினா? அது செத்துக் கிடக்கு. ஒருத்தர் பாதித் தலையோட உட்கார்ந்திருக்கார்... சார், அஞ்சே நிமிஷம் சார்!... கத்தரிக்கோல் பட்டா அவருக்குக் கூச்சமாம்மா, மெஷின்தான் வேணுமாம்...

யாரு?... டாக்டரா! வணக்கம் சார்... ஆமா சார், தாய்மாமன்தான்... குடைக்காரன் நிலைமையா? சீரா இருக்கு சார். முடி பறந்து மேல விழக்கூடாதுன்னு ஃபேனைக்கூட நிறுத்திட்டேன்... ஆமா சார்... ஆமா, ஆமா...

எத்தனை உயிர் மிச்சம்னு கேக்கறாளா?... நாலு வச்சிட்டுப் போனா... சார், பாப்பா பக்கத்துலயா இருக்கா?... கொஞ்சம் தள்ளி வாங்க... இன்னும் கொஞ்சம்... ஒண்ணு போயிருச்சு சார். திரையில முடி ஒட்டியிருந்துச்சு, துண்டால துடைச்சேன், பொத்தான் அமுங்கிருச்சு. எதிர்ல வந்த நண்டு ஒரே கடி... சிரிக்காதீங்க சார், என் கண்ணு முன்னாடி போனான்... மூணுதான் இருக்கு.

நாலுன்னே சொல்லிடறீங்களா?... வேண்டாம் சார். கண்ணை மூடப்போற குழந்தைகிட்ட பொய் வேண்டாம்... இப்படிச் சொல்லுங்க. "நீ முழிக்கிறப்போ நாலும் இருக்கும், மாமா பொறுப்பு"ன்னு... அது பொய்யில்ல சார், வாக்கு... ம்... ம்... என்ன சொல்றா?... தானே நடந்து உள்ள போறாளா! மவராசி... நல்லபடியாப் பார்த்துக்குங்க சார். அவளுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்...

ஹலோ?... ஹலோ?... வச்சிட்டார்.

சார், முகத்துக்கு வெந்நீர்த் துண்டு போட்டுவிடறேன். காசு வேண்டாம். நான் சொல்றவரை எடுக்காதீங்க... சார்?... தூங்கிட்டார். நல்லதாப் போச்சு.

வாடா ராசா. கடவுளே, என் விரலை நீ பிடிச்சுக்க... குதி... ஐயோ, நண்டு வருது... தாண்டு, தாண்டு! இந்தப் பெட்டியை முட்டு... இதுல ஒண்ணுமில்ல. அடுத்தது... மெதுவா... முட்டு... ஆ, வந்திருச்சு இதயம்.

நாலு.

போதும், திரும்பி வா. கோட்டை வாசல்ல, அதே இடத்துல... குடையை விரிச்சுக்க. அப்படித்தான். எதுவும் நடக்காத மாதிரி நில்லு.