வரப்பில்லாத நிலநடுக்கம்

2024 செப்டம்பர் 18, புதன்கிழமை. வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. மிதமான காற்று வீசியது. காலையில் நான்கு இட்லி உண்டேன்.

பாபநாசத்தை அடுத்த சிற்றூரில் விவசாயம் செய்யும் இளையபெருமாள் ஆகிய நான், ஐம்பத்தெட்டாம் வயதில் அஞ்சல்வழியில் கணிதப் பட்டம் பெற்றவன். என் மகள் எழில்மொழியின் ஆய்வுக் கணக்கில் கைவைத்தவர் யார் என்று தேர்வுக் குழுவினராகிய தாங்கள் வினவினீர்கள். விடை கிடைத்தால்தான் அவளுக்கு மறுவாய்ப்பு என்றும் கூறினீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன்.

அவளது ஆய்வு பின்வருமாறு. நிலத்தடியைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்க வேண்டும். நிலநடுக்க அலை ஒவ்வொரு கட்டத்தையும் எவ்வாறு கடக்கிறது என்று கணினி கணக்கிடும். பாபநாசம் முதல் குத்தாலம் வரை, களியும் மணலுமாகப் பல கோடிக் கட்டங்கள். வீட்டுக் கணினிக்கு ஐந்து நாள் தேவைப்பட்டது. எல்லார் முன்னும் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கோ நான்கு நாளே இருந்தது. "முடிஞ்ச வரைக்கும் காட்டிக்கிறேன். கரண்டு போகாம மட்டும் பாத்துக்கங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தஞ்சாவூர் விடுதிக்குச் சென்றாள்.

கட்டங்களை ஆராய்ந்தேன். ஓரங்களில் அகலமான பட்டை ஒன்று இருந்தது. அதில் ஊர் இல்லை, ஆறு இல்லை. வருகிற அலையை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடந்தது. விளைச்சல் தராமல் ஓரத்தில் கிடக்கும் மண்ணுக்கு எங்கள் பக்கத்தில் வரப்பு என்று பெயர். நடவுக்கு முன் அதன் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்குவோம். இது அண்டை வெட்டுதல் எனப்படும். இதில் நான் தேர்ந்தவன். பக்கத்து வயல்காரர் துரைராசுவே, "அண்ணே, இதுல முன்ன சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போனோம். இப்ப ரெண்டு ஆடு எதிரெதிர வந்தா ஒண்ணு தண்ணியில எறங்கணும்" என்று பாராட்டியிருக்கிறார்.

எனவே பட்டையையும் செதுக்கினேன். இருபது கட்ட அகலம் ஒன்றாயிற்று. கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டேன். தேர்வுக்கு முந்தின நாளே முடிந்தது. கணினி நன்றாக உழைத்தது என்று மட்டும் மகளிடம் கூறினேன். அவள் மகிழ்ந்தாள், சரிபார்க்க நேரமில்லை.

தேர்வன்று கடைசி வரிசையில் புதுச்சட்டையுடன் அமர்ந்திருந்தேன். திரையில் அலை பாபநாசத்தில் புறப்பட்டது, குத்தாலத்தைத் தாண்டி ஓரத்தில் முட்டியது, திரும்பி வந்தது. மேற்கே முட்டி மீண்டும் கிழக்கே சென்றது. பாத்திரம்கூட உருளாத அதிர்வுக்குக் குத்தாலம் ஆடிக்கொண்டே இருந்தது. தேர்வாளர் தியாகராசன் ஐயா கண்ணாடியைக் கழற்றி, "குத்தாலத்துக்குக் கெழக்க சுவர் எதுவும் கட்டியிருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

மகள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், "அதுதாம்பா வரப்பு. அது இல்லன்னா அலை எங்க போயி அடங்கும்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பிழை என்னுடையது; மகளுக்கு அதில் பங்கில்லை. வரப்பின் பயன் எனக்கு ஐயமறப் புரிந்துவிட்டது. கற்றதைச் செயற்படுத்துவதே கல்வி. ஆதலால் அன்றே வயலுக்குச் சென்று, முப்பது ஆண்டுகளாகச் செதுக்கிய வரப்பைப் பழைய அகலத்திற்கே மீட்டுவிட்டேன். அதற்கு வேண்டிய இடத்தைத் துரைராசுவின் பக்கத்தில் எடுத்துக்கொண்டேன். பணி நிறைவுற்றபோது மணி சரியாக மாலை 5.40.