திங்கட்கிழமை வண்டி இல்லை

வள்ளி: "வாந்தி சார்"னா யாருங்க?

ஞானவேல்: அது... போன தை மாசம் கோயமுத்தூர்ல இருந்து வந்தாருல்ல, அவரு.

வள்ளி: அவருக்குப் பேரு கெடையாதா?

ஞானவேல்: இருக்கும். அவுக அப்பா அம்மா வெச்சிருப்பாக.

வள்ளி: சிரிக்காதீங்க. இந்தா, "குடை மறந்த டீச்சர்". இது?

ஞானவேல்: திருநெல்வேலி டீச்சரம்மா. குடை இன்னும் டிக்கியிலதான் கெடக்கு.

வள்ளி: "பழைய வாந்தி சார்"?

ஞானவேல்: அவரு வேற.

வள்ளி: முருகா! டாக்சி ஓட்டுற மனுசன் போன்ல இருநூறு கஸ்டமர். ஒருத்தருக்குக்கூட ஒழுங்கா ஒரு பேரு இல்ல. அவரு கூப்புட்டா என்னன்னு பேசுவீங்க? "சொல்லுங்க வாந்தி சார்"னா?

ஞானவேல்: ஒருக்கா வாய் தவறிச் சொல்லிட்டேன் வள்ளி.

வள்ளி: ஐயையோ... அப்புறம்?

ஞானவேல்: அப்புறம் அவரு கூப்புடல.

வள்ளி: எப்படிக் கூப்புடுவாரு! இந்தாங்க, போனைப் பிடிங்க. அவர் பேரு சதாசிவம். பழைய மெசேஜுல தேடிக் கண்டுபிடிச்சேன். மாத்துங்க.

ஞானவேல்: நீயே மாத்திரு. ஒனக்குத்தான் வெரசா வரும்.

வள்ளி: இல்ல. நீங்க மாத்துங்க. உங்க விரல்.

ஞானவேல்: பத்து நாளா இதே பாட்டு. உங்க விரல், உங்க வாய், உங்க போனு. சமையக்கட்டுல தோசை வேகுதோ இல்லையோ, என்னைய வேக வெச்சிட்டே.

வள்ளி: மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு. பன்னெண்டுக்கு ரிசார்ட்ல இருந்து அந்த மேடம் கூப்புடுவாங்க. ஞாபகம் இருக்குல்ல?

ஞானவேல்: இருக்கு, இருக்கு.

வள்ளி: என்ன கேப்பாங்க?

ஞானவேல்: அடுத்த பதினஞ்சு நாள்ல என்னைக்கு என்னைக்கு வண்டி ஃப்ரீன்னு கேப்பாங்க.

வள்ளி: கேட்டா?

ஞானவேல்: பார்த்துச் சொல்றேங்க மேடம்னு...

வள்ளி: இல்லைங்க! அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கறேன். லைன்ல இருக்குறப்பவே சொல்லணும். மூணு டிரைவரைக் கேட்டிருக்காங்க. ஒருத்தரைத்தான் எடுப்பாங்க. எடுத்தா அவங்க கெஸ்ட் எல்லாருக்கும் வருசம் பூரா நம்ம வண்டிதான். மழை மாசத்துலயும் சும்மா நிக்காது. இது நமக்குக் கெடைக்கணும். இன்னைக்கே கெடைக்கணும்.

ஞானவேல்: கெடைக்கலைன்னா என்ன? இத்தனை வருசம் ஓடலையா?

வள்ளி: ஓடுச்சு. எப்படி? வண்டியில கண்ணாடிக்கு மேல சொருகுன துண்டுச் சீட்டுல ஓடுச்சு. காத்தடிச்சா பாதி பறந்துரும்.

ஞானவேல்: பறந்தாலும் மண்டையில இருக்கும்.

வள்ளி: நாகர்கோவில் டாக்டர் வீட்டுப் பிக்கப்பும் மண்டையிலதான் இருந்துச்சு.

ஞானவேல்: அதை ஏன் இப்ப இழுக்குறே?

வள்ளி: பின்ன? இழுக்காமலா?

ஞானவேல்: அது காலண்டர் பண்ணுன தப்பு.

வள்ளி: காலண்டரா? அவங்க பதினெட்டாம் தேதின்னு தெளிவாச் சொன்னாங்க. நீங்கதான் "கிருத்திகைக்கு மறுநா"ன்னு மனசுல போட்டுக்கிட்டீங்க.

ஞானவேல்: பழனிக்காரன் வள்ளி நான். எங்க வீட்டுல பால்காரர் கணக்கே சஷ்டி, கிருத்திகைதான். தேதி சொன்னா மறந்துரும், கிருத்திகைன்னா நிக்கும்.

வள்ளி: நின்னுச்சு. டாக்டர் குடும்பமும் நின்னுச்சு. அந்தக் கிருத்திகை சாயங்காலத்துக்கு மேல ஆரம்பிச்சு மறுநா வரைக்கும் இருந்துச்சு. இந்தக் காலண்டர்ல ஒரு நாள், அந்தக் காலண்டர்ல ஒரு நாள். நீங்க ஒரு நா தள்ளிப் போய் நின்னீங்க. அவங்க கைக்குழந்தையோட பனியில ரெண்டு மணி நேரம் நின்னு, கொடை ரோடு ஸ்டேஷன்ல ரயிலையும் விட்டுட்டாங்க.

ஞானவேல்: போதும் வள்ளி. அந்தம்மா போன்ல அழுதது இன்னும் காதுல கேக்குது.

வள்ளி: உங்களை நோகடிக்கச் சொல்லலைங்க. நீங்க ஏமாத்துற ஆளு இல்ல. ஆனா நிக்கிறவங்களுக்கு அது தெரியாதுல்ல? வண்டி வருமா, வராதா, அதுதானே அவங்களுக்குத் தெரியும்.

ஞானவேல்: சரி. சொல்லு. மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லு.

வள்ளி: ஆள் கூப்புட்டா மொதல்ல?

ஞானவேல்: பேரு. எங்க ஏறணும். தேதி, மணி. எத்தனை பேரு.

வள்ளி: அப்புறம்?

ஞானவேல்: கொண்டை ஊசி வளைவுன்னா யாருக்காச்சும் தலை சுத்துமான்னு கேக்கணும். சுத்தும்னா முன் சீட்டு.

வள்ளி: அட! இது நான் சொல்லிக் குடுக்கலையே.

ஞானவேல்: பழைய வாந்தி சார் சொல்லிக் குடுத்தது.

வள்ளி: ஹும்... அப்புறம்?

ஞானவேல்: போன் காலண்டர்ல போடணும். பேரு இல்லாம போடக் கூடாது. போட்ட உடனே எழுதி வெச்ச மெசேஜை அனுப்பணும். என் பேரு, வண்டி நம்பர், வர்ற மணி. மொத நா சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருக்கா ஞாபகப்படுத்தணும்.

வள்ளி: வாய்ஸ் மெசேஜு?

ஞானவேல்: கூடாது.

வள்ளி: ஏன்?

ஞானவேல்: நான் மூணு நிமிசம் பேசுவேன். அதுல ரெண்டு நிமிசம் கொடைக்கானல் குளிரைப் பத்தி இருக்கும்.

வள்ளி: சபாஷ். இப்ப நான்தான் கஸ்டமர். ட்ரிங்... ட்ரிங்...

ஞானவேல்: எதுக்கு டிரிங்கு? நேரா பேசேன்.

வள்ளி: எடுங்கன்னா!

ஞானவேல்: வணக்கங்க, ஞானவேல் டாக்சி.

வள்ளி: ஏம்ப்பா, நாங்க சென்னையில இருந்து வர்றோம். ஞாயித்துக்கெழம பூம்பாறை கோயிலுக்குப் போகணும். வண்டி வருமா, வராதா?

ஞானவேல்: இருங்கம்மா, பார்த்துட்டேன். ஞாயித்துக்கெழம மதியம் ரெண்டு மணி வரைக்கும் வேற சவாரி இருக்கு. ரெண்டரைக்கு வந்தா சரிப்படுமா?

வள்ளி: எனக்குக் காலையிலதான்யா வேணும்! நீ பாதியில அவங்களை எறக்கிவிட்டுட்டு வா!

ஞானவேல்: உங்களை நான் பாதியில எறக்கிவிட்டா நல்லாயிருக்குமாம்மா?

வள்ளி: ...

ஞானவேல்: என்ன, லைன் கட்டாயிருச்சா?

வள்ளி: இல்ல... நல்லாப் பேசுறீங்க. என்னைய விட நல்லாப் பேசுறீங்க. பத்து நாளைக்கு முந்தி இப்படிப் பேசுவீங்கன்னு யாராச்சும் சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டேன்.

ஞானவேல்: நீதான் கூடவே இருக்கியே. தப்புன்னா திருத்தப் போறே.

வள்ளி: நான் இல்லைன்னாலும் பேசணும்.

ஞானவேல்: நீ எங்க போகப் போறே?

வள்ளி: எங்க போவேன்... கடைக்குப் போவேன், கண்ணிக்குப் போவேன். எல்லா நேரமும் ஒட்டிக்கிட்டேவா நிப்பேன்? ஒங்க வண்டி, ஒங்க சோலி. நீங்கதான் பார்க்கணும்.

ஞானவேல்: அதுவும் சரிதான்.

வள்ளி: பதினஞ்சு நாளையும் ஒருக்கா ஓட்டிப் பார்த்துருவோம். காலண்டரைத் திறங்க. நாளைக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளி, சதாசிவம் சார். அடடே, மறுபடியும் கூப்புட்டுட்டாரா?

ஞானவேல்: நான்தான் கூப்புட்டு மன்னிப்புக் கேட்டேன். பேரைச் சொல்லி. நேத்தே அந்த மெசேஜைப் பார்த்துட்டேன், போன்லதான் பேரை மாத்தல.

வள்ளி: சனி ஃப்ரீ. ஞாயிறு பாதி நாள். திங்கள்... இது என்ன? நாள் பூரா செவப்பா இருக்கு?

ஞானவேல்: சவாரி.

வள்ளி: யாரு?

ஞானவேல்: ஒரு பார்ட்டி.

வள்ளி: பேரு இல்லாம போடக் கூடாதுன்னு இப்பதானே ஒப்பிச்சீங்க!

ஞானவேல்: பேரு தெரியும். போடலை. அவ்வளவுதான்.

வள்ளி: எந்த ஊருக்கு?

ஞானவேல்: கீழ.

வள்ளி: கீழன்னா எது? கொடைக்கானல்ல இருந்து பார்த்தா நாடு பூராவும் கீழதான்! இங்க பாருங்க, இப்படி மூடி மூடி...

ஞானவேல்: போன் அடிக்குது.

வள்ளி: ஆத்தி, மணி இன்னும் பன்னெண்டு ஆகலையே! மேகம் எறங்கிருச்சு, டவர் எடுக்காது. ஜன்னல்கிட்ட வாங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.

ஞானவேல்: வணக்கங்க, ஞானவேல் டாக்சி.

ஹெப்சிபா: ஹலோ, ஞானவேல் சார், ஹெப்சிபா பேசுறேன். ரிசார்ட் ஃப்ரண்ட் ஆபீஸ். அஞ்சு நிமிஷம் முன்னாடியே கூப்பிட்டுட்டேன், சாரி. இப்ப பேசலாமா?

ஞானவேல்: பேசலாங்க மேடம். காலண்டர் திறந்துதான் இருக்கு.

ஹெப்சிபா: காலண்டரா? பரவாயில்லையே. சனிக்கிழமை காலைல ஒன்பது மணி, லேக் பக்கம் ரெண்டு பேர், டே முழுக்க?

ஞானவேல்: ஃப்ரீதாங்க. வயசானவங்களா மேடம்? நடக்க முடியலைன்னா அதுக்குத் தகுந்த மாதிரி எடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போறேன்.

ஹெப்சிபா: ஆமா சார், அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. நோட் பண்ணிக்கோங்க. அடுத்த புதன், வியாழன்?

ஞானவேல்: புதன் ஃப்ரீ. வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு மேல.

ஹெப்சிபா: குட். இப்ப முக்கியமான ஒண்ணு. வர்ற திங்கக்கிழமை காலைல ஏழு மணி, மதுரை ஏர்போர்ட். எங்க ரொம்ப நாள் கெஸ்ட். அதையே உங்க ஃபர்ஸ்ட் டிரிப்பா வெச்சுக்கலாம்னு நினைச்சேன்.

ஞானவேல்: திங்கக்கிழமை வண்டி இல்லைங்க மேடம்.

ஹெப்சிபா: இல்லையா? அன்னைக்குத்தான் சார் எனக்கு ரொம்பத் தேவை.

ஞானவேல்: தெரியுதுங்க. ஆனா இல்லைங்க.

ஹெப்சிபா: ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், இங்க ஒரு செக்-இன். வந்துடுறேன்.

வள்ளி: என்னங்க பண்றீங்க! போங்க, அந்தப் பார்ட்டியைக் கேன்சல் பண்ணுங்க!

ஞானவேல்: மெதுவாப் பேசு. கேட்கும்.

வள்ளி: ஹோல்டுல போட்டிருக்காங்க, கேட்காது. யாரு அந்தப் பார்ட்டி? நம்பரைக் குடுங்க. நான் பேசுறேன். காலுல விழுந்தாச்சும் வேற நா மாத்திக்கறேன்.

ஞானவேல்: நீ சொன்னா கேக்குற ஆளு இல்ல அது.

வள்ளி: அம்புட்டுப் பெரிய ஆளா?

ஞானவேல்: பெரிய ஆளு இல்ல. பிடிவாதம் புடிச்ச ஆளு.

வள்ளி: பாலமுருகன் அண்ணன் வண்டியில அனுப்புங்க அவங்களை!

ஞானவேல்: அவரு வண்டியில நான் அனுப்ப மாட்டேன். நான்தான் கூட்டிட்டுப் போகணும்.

வள்ளி: பத்து நாள் உழைச்சதை ஒரு திங்கக்கெழமைக்காக... எனக்கு இது எவ்வளவு முக்கியம்னு ஒங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா இப்படிப் பண்ண மாட்டீங்க.

ஹெப்சிபா: ஹலோ சார்? சாரி. சொல்லுங்க, திங்கக்கிழமை ஏதாவது மாத்த முடியுமா?

ஞானவேல்: முடியாதுங்க மேடம். ஒருத்தருக்கு மனசுல வாக்குக் குடுத்தாச்சு. உங்களுக்காக அதை மாத்துனா, நாளைக்கு வேற ஒருத்தருக்காக உங்களையும் மாத்துவேன். திங்கக்கெழமை பாலமுருகனைக் கேளுங்க. நல்லா ஓட்டுவாரு, நேரத்துக்கு வருவாரு.

வள்ளி: ஐயோ...

ஹெப்சிபா: யாரோ பக்கத்துல இருக்காங்க போல.

ஞானவேல்: வீட்டுலதாங்க. வாயே திறக்க மாட்டேன்னு சொன்னாங்க.

ஹெப்சிபா: பாலமுருகன் சாரும் என் லிஸ்ட்ல இருக்காரு சார். தெரியுமா?

ஞானவேல்: இப்பதாங்க தெரியும். தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் சொல்லிருப்பேன்.

ஹெப்சிபா: சார், மத்த ரெண்டு பேருகிட்டயும் பேசிட்டேன். ஒருத்தர் அப்புறம் பார்த்துச் சொல்றேன்னாரு. இன்னொருத்தர் பதினஞ்சு நாளும் ஃப்ரீன்னாரு. பதினஞ்சு நாளும்! எந்த நாளைச் சொன்னாலும் ஓகே, ஓகே. எனக்குப் பயமா இருக்கு சார். வர்றேன்னு சொல்லிட்டு வராத வண்டிக்கு, கெஸ்ட்கிட்ட திட்டு வாங்குறது நான்தான்.

ஞானவேல்: புரியுதுங்க.

ஹெப்சிபா: நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னு சொன்னீங்க. திங்கக்கிழமைக்கு நான் ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கிறேன். சனிக்கிழமையில இருந்து நீங்க ஸ்டார்ட் பண்ணிடுங்க. லெட்டர் இன்னைக்கே ரெடி பண்றேன். நாளைக்கு வந்து வாங்கிக்கலாமா?

ஞானவேல்: நாளைக்கு மதியம் மூணு மணிக்கு வர்றேங்க. இப்பவே காலண்டர்ல போட்டுட்டேன்.

ஹெப்சிபா: தேங்க்யூ சார். வீட்டுலயும் சொல்லிடுங்க, இனிமே வாயைத் திறக்கலாம்னு.

ஞானவேல்: வெச்சுட்டாங்க. மேடம் சொன்னது கேட்டுச்சுல்ல? திறக்கலாமாம்.

வள்ளி: கெடைச்சிருச்சு... கெடைச்சிருச்சுல்ல?

ஞானவேல்: கெடைச்சிருச்சு.

வள்ளி: நான் ஒரு வார்த்த சொல்லித் தரல. நீங்களே பேசுனீங்க.

ஞானவேல்: ஏய், என்னாத்துக்கு இப்ப கண்ணைத் தொடைக்கிறே?

வள்ளி: பனி. ஜன்னல் திறந்திருக்கு.

ஞானவேல்: சாத்திட்டேன் அப்பவே.

வள்ளி: பேச்சை மாத்தாதீங்க. ஏதோ அந்த மேடம் நல்ல மனசு, தப்பிச்சோம். இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்? யாருங்க அது? நாள் பூரா ஒரு வண்டியை மறிச்சு வெச்சுக்கிட்டு... எத்தனை பேரு போறாங்க?

ஞானவேல்: ஒரே ஆளு.

வள்ளி: ஒத்த ஆளுக்கா! எத்தனை மணிக்கு?

ஞானவேல்: வெள்ளனே நாலரைக்குக் கெளம்புனாத்தான் பத்து மணிக்குள்ள போய்ச் சேரலாம்.

வள்ளி: எங்க போய்?

ஞானவேல்: சிவகங்கை.

வள்ளி: சிவகங்கையா...

ஞானவேல்: தாலுகா ஆபீஸ்.

வள்ளி: யாரு... யாரு சொன்னா உங்ககிட்ட?

ஞானவேல்: ஒங்கூடச் சர்க்கார் வேலைப் பரிச்சைக்குப் படிச்சாள்ல, புவனா. நீ வேலை கெடைச்ச ஆர்டரை மடிச்சுப் புடவைக்கு நடுவுல வெச்ச மறுநாளே என் வண்டியில ஏறி, "அண்ணே, ஸ்வீட் எங்க?"ன்னா. திங்கக்கெழம நீ வேலையில சேரணும்னும் அவதான் சொன்னா. நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லாம, காலண்டரைத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்தே. அப்பவே புரிஞ்சுபோச்சு வள்ளி, இங்க எல்லாம் நேராச்சுன்னாத்தான் நீ போவே, இல்லைன்னா அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவேன்னு. அதான் மாங்கு மாங்குன்னு நானும் கத்துக்கிட்டேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் வாரா வாரம் உன்னைக் கூட்டியாரவும் போட்டுட்டேன், அந்த மேடமே கேட்டாலும் அன்னைக்கு வண்டி இல்ல. இப்ப போய், கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்ச பெட்டியில இருந்து அந்த ரெண்டு ஸ்வெட்டரையும் எடு. சிவகங்கையில வேர்த்து ஊத்தும்.