நாற்பத்தோராம் பக்கம்

முஹ்சினா: ...கொஞ்சம் நிறுத்தட்டுமா மாமா?

ஷபியுல்லா: ஏம்மா?

முஹ்சினா: மலைக்குக் காவடி போவுது. இந்தப் பம்பை சத்தத்துல உங்களுக்குக் கேக்காது.

ஷபியுல்லா: டாக்டரு கட்டு போட்டது கண்ணுல. காதுல இல்ல. நீ படி.

முஹ்சினா: எனக்கு நாக்கே சுளுக்கிக்குது. குர்ஆன்ல எழுத்துக்கு மேலயும் கீழயும் குறி இருக்கும், மடமடன்னு ஓதிடுவேன். இந்த அரபி நாவல்ல ஒரு குறியும் இல்ல. அர்த்தமும் தெரியாம...

ஷபியுல்லா: இருபது வருசம் அரபு நாட்டு ஹார்பர்ல மெக்கானிக்கா இருந்தவன் நானு. எழுத்து உன்னுது, அர்த்தம் என்னுது. அதானே பேச்சு?

முஹ்சினா: ஆங்... சரி, இப்ப படிச்சேனே, அது என்னா?

ஷபியுல்லா: அதுவா... கடலோர ஊரு பூரா சண்டை. குண்டு வுழுதுன்னு எல்லா வெளக்கையும் அணைச்சுட்டாங்க. சாலிமோட கப்பலு...

முஹ்சினா: முழுகிடுச்சா?

ஷபியுல்லா: எதுக்கு முழுகுது? இஞ்சின்தான் நின்னுபோச்சு. சட்டையக் கிழிச்சு பைப்புல சுத்தி, ஓட்டிகினு வர்றான்.

முஹ்சினா: உங்க புள்ள மாதிரியே. அரக்கோணம் ரோட்டுல பைக் நின்னப்ப என் துப்பட்டாவக் கிழிச்சாரு. புதுசு மாமா அது!

ஷபியுல்லா: ஜாஹித் யாரு புள்ள?

முஹ்சினா: நேத்து சாலிம் தீவுல ஒதுங்குனான்னீங்க.

ஷபியுல்லா: ஒதுங்குனான்... கெளம்பிட்டான்.

முஹ்சினா: முந்தாநாளு மீன்காரங்க கயிறு போட்டு இழுத்தாங்க.

ஷபியுல்லா: கயிறு அறுந்துபோச்சும்மா.

முஹ்சினா: கெட்டிக்காரன். சாவவே மாட்டான் போல.

ஷபியுல்லா: எழுதுனவனுக்கு மனசு வரல போல.

முஹ்சினா: இந்த புக்க அனுப்புறப்ப உங்க புள்ள இன்னா சொன்னாரு தெரியுமா? 'கதையிலயும் சண்டை, நான் இருக்கற இங்கயும் சண்டை. அப்பா உனக்குக் கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள கப்பலவுட்டு எறங்கி வந்துடுவேன்'னாரு.

ஷபியுல்லா: தெரியும்.

முஹ்சினா: பதினெட்டு நாளா அவரு போன் பண்ணல மாமா.

ஷபியுல்லா: ...அதான் நாலு நாளா அதே பக்கத்தப் படிக்கிறியாம்மா?

முஹ்சினா: மாமா...

ஷபியுல்லா: நாப்பத்தோராம் பக்கம். சாலிமோட வாப்பா துறைமுகத்துல குந்திகினு கடலப் பாக்குறாரு. அவ்ளோதான் அதுல இருக்குது.

முஹ்சினா: அப்ப தீவு? கயிறு? சட்டை?

ஷபியுல்லா: நான் கட்டிவுட்டது. பக்கத்தத் திருப்புன்னு சொல்ல எனக்கு தைரியம் வரல. உனக்குத்தான் அர்த்தம் தெரியாதே, நீ ஏன் திருப்பல?

முஹ்சினா: அடுத்த பக்கத்துல மௌத்துன்னு எழுதியிருக்கு மாமா. நம்ம வூட்டுல சாவுக்குச் சொல்ற வார்த்தை. அது ஒண்ணுக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

ஷபியுல்லா: சாலிம்தான்னு எப்டி... வேற யாராவது இருக்கலாம்ல?

முஹ்சினா: இருக்கலாம்.

ஷபியுல்லா: அழுவுறியா?

முஹ்சினா: திங்கக்கெழம நீங்க தூங்குறப்ப கப்பல் கம்பெனிலேருந்து உங்க போனுக்குக் கூப்ட்டாங்க மாமா. நான்தான் எடுத்தேன். கண்ணு ஆபரேசன் பண்ண மனுசன், அழக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரே... அதான் வாயத் தெறக்கல.

ஷபியுல்லா: செவ்வாக்கெழம மறுபடியும் கூப்ட்டாங்கம்மா. அப்ப எடுத்தது நானு.