நாற்பது நாள் இடது கால்

– விசில் அடிக்காதீங்க அண்ணாச்சி! ஒரு நிமிஷம்! ஏலே கெவினு, எறங்குலே கீழ!

– ஓய், ஓடுத பஸ்ல இப்படியா ஏறுவீரு? கால் தவறிச்சின்னா எனக்குல்லா மெமோ குடுப்பான்! படியில நிக்காதேரும், உள்ள வாரும்.

– நான் பயணம் போக வரல அண்ணாச்சி. இந்தா, சன்னலோரமா துண்டை வச்சு மூஞ்சிய மூடிட்டு உக்காந்திருக்கானே, இவனை எறக்கிக் கூட்டிட்டுப் போயிருதேன்.

– யாரை? நம்ம அலெக்ஸையா? ஏலே அலெக்ஸு, யாருலே இவரு? போலீஸா?

– இல்ல சுடலைமணி அண்ணாச்சி. எனக்குக் கால்பந்து சொல்லிக் குடுக்குத சாரு. ஜெபஸ்டின் சார். சார், நீங்க எறங்கிருங்க. நான் வரல.

– வரலயா? மணி ரெண்டரை. மூணு மணிக்கு ரெண்டாவது பாதி. அகாடமிக்காரங்க மூணு பேரும் நாற்காலியப் போட்டு உன்னைத்தாம்லே தேடிட்டு இருக்காங்க. மூணு வருசம் சென்னையில தங்கிப் படிச்சு ஆடலாம். இருக்கது ஒரே ஒரு எடம். பூட்ஸைக்கூட கழட்டாம ஓடியாந்திருக்கியே, கேட்டியா, உனக்குப் புத்தி இருக்கா?

– ஆமா, பஸ்ஸெல்லாம் செம்மண்ணு. எவன் கூட்டுவான்? டிக்கெட் எடுக்கணும்வே.

– பெருமாள்புரத்துல எறங்கிருவோம் அண்ணாச்சி. ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம். எந்திரிலே.

– மாட்டேன் சார். வெக்கமா இருக்கு.

– ஒரு அடி தப்பினதுக்கா?

– அகாடமிக்காரங்கள்ல அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் எல்லார் முன்னாடியும் கூப்பிட்டாரு. “தம்பி, வீடியோவுல இடது காலால சுழட்டி ஒண்ணு அடிச்சியே, அதை அடி”ன்னாரு. கோல்கீப்பரே இல்லாத கோல் சார்! ஓங்கி அடிச்சேன். நான் குப்புற விழுந்து கெடக்கேன், பந்து வச்ச எடத்துலயே நிக்கு. தண்ணி பாட்டில் தூக்குத பயலுவ எல்லாம் சிரிச்சானுவ.

– சிரிச்சா சிரிக்கட்டும். நாப்பது நாளும் உன் ஒருத்தனுக்குன்னு எழுதின திட்டம்லே அது. காலைல அஞ்சரைக்கெல்லாம் சுவத்துல இடது காலால இருநூறு அடி. ஒவ்வொண்ணையும் போன்ல பிடிச்சு, முட்டி எங்கன மடங்குது, இடுப்பு எங்கன திரும்புதுன்னு கோடு போட்டுக் காட்டினேனா இல்லையா?

– காட்டினீங்க சார். அதான் இன்னும் கேவலமா இருக்கு. எனக்கு இடது கால் வராது.

– வரும். உவரிக் கடக்கரையில வந்துச்சுல்லா? வெறுங்கால்ல, மணல்ல, மூணு பேரை ஏமாத்திட்டுப் போயி அடிச்சியே. அந்த நாப்பது செகண்டைப் பாத்துத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?

– அது நான் இல்ல சார்.

– பெருமாள்புரம்! பெருமாள்புரம் எறங்கு! சார்வாள், எறங்கணும்னா இப்ப எறங்கும். விட்டா மூலைக்கரைப்பட்டியிலதான் நிப்பாட்டுவேன்.

– எதுலே நீ இல்ல?

– வீடியோவுல ஆடுதது. அது என் தம்பி. அவன்தான் கெவின். நான் அலெக்ஸு.

– ரெண்டு பேரும் எறங்கல. சரி, போலாம் ரைட்!

– எதிர்வெயில்ல நான்தான் சார் அந்த வீடியோவைப் பிடிச்சேன். மொகமே தெரியாது. கீழ அவன் பேரைப் போட்டு நெட்ல ஏத்திவிட்டதும் நான்தான். உங்க மெசேஜு என் போனுக்குல்லா வந்துச்சு. “தம்பி கெவின், நாப்பது நாள் தனிப் பயிற்சி, முதல் ஆளுக்கு இலவசம்.” அவன் அப்பாகூட கடலுக்குப் போயிருந்தான். வள்ளம் கரைக்கு வாரதுக்குள்ள, “சரி சார், வாரேன்”னு நான் அடிச்சி அனுப்பிட்டேன்.

– அட சண்டாளா! கூடப் பொறந்தவன் சோத்துலயாலே கை வச்ச?

– ஏசுங்க அண்ணாச்சி, நல்லா ஏசுங்க. வீட்ல வெல்டிங் பழகப் போறேன்னு சொல்லிட்டு, அவன் ஆதாரையும் எடுத்துட்டு வந்துட்டேன். மாதாவே... அவனை விட எனக்குத்தான் சார் பந்துப் பைத்தியம். கனவுலயும் பந்துதான். ஆனா ஆட்டம் அவனுக்குல்லா வந்துச்சு! நாப்பது நாள் ஒருத்தர் கூடவே நின்னு சொல்லிக் குடுத்தா எனக்கும் வந்துரும்னு நெனச்சேன்.

– ம்.

– ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போனா பூசையில அவன் பக்கத்துல நிக்க முடியல. நற்கருணை வாங்கப் போறதையும் விட்டுட்டேன். “கை வெல்டிங் சூட்டுல எரியுதாலே”ன்னு அம்மா தேங்காண்ணெய் தடவுதா சார். கால் வீங்கிக் கெடக்கு, கைக்கு எண்ணெய் தடவுதா!

– தம்பி ஒண்ணும் கேக்கலயா?

– பேசவே மாட்டேங்கான் சார். ஒரு மாசமாச்சு, பந்தைத் தொடல. பூட்ஸைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டான். கடக்கரையில பயலுவ கூப்பிட்டா, வலையைத் தைக்கணும்னு போயிருதான். அவனுக்குத் தெரிஞ்சிட்டோ என்னமோ. இன்னைக்குப் போயி கால்ல விழப் போறேன்.

– ம்.

– என்ன சார், ம், ம்முங்கீங்க? ஓங்கி ஒரு அறை விடுங்க.

– காலை நீட்டுலே, வீக்கத்தைப் பாப்போம்.

– சார்... ஒண்ணு கேக்கட்டா? நீங்க பஸ்ல ஏறின உடனேயே சுடலைமணி அண்ணாச்சி என்னை அலெக்ஸுன்னு கூப்பிட்டாரு. “யாருலே அலெக்ஸு”ன்னு நீங்க கேக்கவே இல்லையே?

– மூலைக்கரைப்பட்டி! மூலைக்கரைப்பட்டி வந்தாச்சு! சார்வாள், உம்மத்தான். மேட்ச் ஆரம்பிச்சிருப்பான்லா, எறங்கும்!

– எறங்கல அண்ணாச்சி. உவரிக்கு ரெண்டு குடுங்க.

– உவரிக்கா? அங்கன உமக்கு என்ன சோலி?

– இருக்கு. அலெக்ஸு, இங்கன பாரு. எனக்குத் தெரியும்லே. ஒன்பதாம் நாளே தெரியும்.

– ஒன்பதாம் நாளா! அப்புறமும் முப்பத்தோரு நாளா என்னைக் கெவினு, கெவினுன்னு கூப்பிட்டு...

– உன் மொகத்தைப் போட்டு, “என் முதல் மாணவன் கெவின்”னு ஊருக்கெல்லாம் காட்டிட்டேன். அகாடமிக்கு அறிக்கையும் அனுப்பிட்டேன். ஒவ்வொருத்தன் கிட்டயும் உள்ள குறையைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணுதேன்னு போர்டு வச்சிருக்கேன். எனக்கு ஆளையே அடையாளம் தெரியலன்னா, பாளையங்கோட்டை பூரா சிரிக்காதா? உன் இடது காலை மட்டும் தேத்திட்டா ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.

– அப்ப இன்னைக்கு என் பின்னால ஓடி வந்தது?

– உனக்காகன்னுதான் சொன்னேன், கேட்டியா. எனக்காகத்தாம்லே ஓடி வந்தேன்.

– இந்தாரும், ரெண்டு டிக்கெட். நல்ல வாத்தியாரு, நல்ல பய. ரெண்டு பேரும் இப்படித் தலையைத் தொங்கப் போட்டா வண்டி சாஞ்சிரும்வே.

– யாரு சார் சொன்னா உங்ககிட்ட?

– ஒருத்தரும் சொல்லல. அன்னைக்கு மைதானத்துக் கேட்டுல ஒரு பய வந்து நின்னான். பூட்ஸ் ரெண்டையும் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டிருந்தான். உன் மொகத்துக்குக் கீழ அவன் பேரை எழுதியிருந்தேன்லா, அதை எவன் போன்லயோ பாத்துட்டு வந்திருக்கான். பேசிட்டே கீழ கெடந்த கல்லு ஒண்ணை இடது காலால பைய மேல தூக்கி, பாதத்து மேலேயே நிப்பாட்டினான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு.

– என்ன கேட்டான் சார்?

– ஒண்ணும் கேக்கல. “சார், நான்தான் கெவின்”னான். “கெவின் உள்ள ஆடிட்டு இருக்கான், நீ யாருலே?”ன்னு கேட்டுட்டு, நான்தாம்லே கேட்டைச் சாத்தினேன்.