விசிலுக்கு முன் இழுத்த கயிறு

டீ ஆறிப்போனாலும் அப்படியே குடித்துவிடுகிற ஆள் நான். சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரி வனஜாவைக் கேளுங்கள். ஆகையால் சௌம்யா மேடம், விசில் ஊதுவதற்கு முன்பே நான் கயிற்றை வெடுக்கென்று இழுத்ததற்குக் காரணம் "திடீர்க் கோபம்" என்று நீங்கள் எழுதித் தந்த தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

உங்கள் நல்ல மனசு தெரிகிறது. "ஆட்டத்து சூட்டுல நடந்துபோச்சுன்னு ஒத்துக்குங்கண்ணா, வேலையாவது தப்பிக்கும்" என்றீர்கள். என் மனசைப் படிக்கத்தானே கம்பெனி உங்களை அனுப்பியது. தோற்றுக்கொண்டே இருப்பவனுக்கு ஆத்திரம் முட்டும், கூட்டம் கத்தக் கத்த அது பொங்கும், மேலே இருப்பவனிடம் காட்ட முடியாததை மனுசன் விளையாட்டில் காட்டிவிடுவான் என்று மூன்று நாள் பொறுமையாக விளக்கினீர்கள். ஒன்றும் எனக்குப் பொருந்தவில்லை. ஆயுத பூஜைக்கு நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் லோடு ஏற்றுகிற நாங்கள் ஒன்பது வருசமாகத் தோற்கிறோம். தோற்பது பழகிவிட்டது.

சூப்பர்வைசர் ஜெகதீஷ் எதிரணியில் கடைசி ஆள். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்று, வருகைப் பதிவேட்டில் முதன்முதலாக 'பக்தவத்சலம்' என்று நான் எழுதியபோது, அவர் மை டப்பாவை நீட்டினார். "இன்னா கைநாட்டு, பயக்கத்த வுட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். போட்டியன்றும் கயிற்றின் அந்தக் கோடியிலிருந்து, "கைநாட்டு, கட்ட வெரலாலயே இஸ்து காட்டு மாமே" என்றார். அவர் சிரித்து முடிப்பதற்குள் இழுத்தேன்.

கயிறு நடுவில் அறுந்தது. ஜெகதீஷ் பின்னால் அடுக்கியிருந்த இரும்புப் பலகைகளின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். இடுப்பெலும்பு இரண்டு துண்டு, வலது மணிக்கட்டும் போயிற்று. இனி நடப்பதே சந்தேகம் என்கிறார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட முடியாமல் கிடந்தார். அவருடைய இடது கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றி, நான்தான் வைத்துக் கொடுத்தேன். கோபக்காரன் இதையெல்லாம் செய்வானா?

எங்கள் பக்கம் விழுந்தவர்களுக்குச் சின்னச் சிராய்ப்புகூட இல்லை. தரை கெட்டி என்று காலையிலேயே சாக்குகளைப் பரப்பி வைத்திருந்தேன்.

வேலை போனால் போகட்டும் மேடம். முன்கோபி என்று மட்டும் என் பெயருக்கு எதிரே எழுதாதீர்கள். ஆயுத பூஜையன்று கத்தி, அரிவாள் எதையும் நான் தொட மாட்டேன்; சாமி முன்னால் வைத்ததைத் தொடுவது பாவம். அதனால்தான் கயிற்றின் பாதிப் புரிகளை முந்தின நாளே உட்கார்ந்து நிதானமாக அறுத்து வைத்தேன்.

அந்த வேலை முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. அப்படியேதான் குடித்தேன்.